கரை சேர்ந்த தகவல்

நுழையும்முன்

புதிய கருவி ஒன்று ஊருக்குள் நுழைந்தவுடன் ஊர் மாறிவிடுவதில்லை. அக்கருவி தரும் செய்தி யாருக்குத் தேவையோ அவரை, அவருடைய மொழியில், உரிய நேரத்தில் சென்றடையும்போதே மாற்றம் தொடங்குகிறது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் மக்கள் வாழ்வையும் கல்வியையும் ஆற்றல் பயன்பாட்டையும் மாற்றிவரும் விதத்தைப் புதுவைச் சிற்றூர்களின் பட்டறிவைக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

அலையின் உயரம்

விடியுமுன் கடலுக்குள் படகைத் தள்ளும் மீனவருக்கு அன்றைய அலையின் உயரம் உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். காற்றின் திசை, நீரோட்டத்தின் போக்கு, மேகத்தின் நிறம் ஆகியவற்றைக்கொண்டு கடலின் குணத்தைக் கணிக்கும் அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்துள்ளது. ஆயினும், தொலைகடலில் உருவாகும் கொந்தளிப்பைக் கரையில் நின்று முழுமையாக அறிய இயலாது.

1990களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் ஒன்று, கடல்களின் அலை உயரம் பற்றிய முன்கணிப்பை வெளியிட்டுவந்தது. வங்கக் கடலும் அதில் அடங்கும். அதனை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால், அதைப் பார்ப்பதற்குக் கணினி வேண்டும், தொலைபேசி இணைப்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத ஒருவருக்கு, உலகமே காணும்படி வெளியிடப்பட்ட செய்தியும் மறைக்கப்பட்ட செய்தியே ஆகும்.

ஊருக்குள் அறிவு மையம்

இந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சியை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு புதுச்சேரிப் பகுதியில் தொடங்கியது. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் வழிகாட்டுதலில் நடைபெற்ற இத்திட்டத்திற்குக் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பொருளுதவி அளித்தது. ஊர் மக்கள் செய்திகளை எங்கிருந்து பெறுகிறார்கள், அவர்களுக்கு எவை தேவைப்படுகின்றன என்பன முதலில் கேட்டறியப்பட்டன. உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்போர் ஆகியோரே பெரும்பாலோர்க்குச் செய்தி வாயில்களாக இருந்தனர்.

வில்லியனூரில் தலைமை மையம் அமைந்தது. சுற்றியுள்ள சிற்றூர்களில் கிளை மையங்கள் உருவாயின. இடம் தருவதும், மையத்தை நடத்தத் தன்னார்வலர்களை அளிப்பதும், சாதி வேறுபாடின்றி அனைவரையும் அனுமதிப்பதும் ஊராரின் பொறுப்பு. கணினியும் கருவிகளும் பயிற்சியும் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைகள் வழியே தகவல் அனுப்பப்பட்டது. மின்வெட்டு மிகுந்திருந்த அக்காலத்தில் கணினிகள் நின்றுவிடாமலிருக்கச் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன.

வில்லியனூர் மையத்தினர் அலை உயர முன்கணிப்பை இணையத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கி அனுப்பினர். வீராம்பட்டினம் கடற்கரையில் அது ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதனைக் கேட்டனர். செயற்கைக்கோள் காலத்துச் செய்தியை இறுதியாக மக்களிடம் சேர்த்தது, திருவிழாக்களில் நாம் காணும் எளிய ஒலிபெருக்கியே. மீனவரின் பழைய அறிவுக்கு அது துணையாக நின்றது.

அனைவருக்கும் திறந்த கதவு

நெல் விலை, கால்நடை மருத்துவம், அரசின் நலத்திட்டங்கள், தேர்வு முடிவுகள், பேருந்து நேரம் எனப் பல செய்திகள் இம்மையங்களில் கிடைத்தன. நலத்திட்டத்திற்குத் தகுதியுடையோர் யார், என்னென்ன சான்றுகள் வேண்டும் என்பவற்றை மையத்திலேயே அறிந்துகொண்டவர், அலுவலகத்தில் பிறர் தயவை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் இத்திட்டத்தின்வழி வெளிவந்தது.

ஏம்பலம் என்னும் ஊரில் மையம் கோயில் வளாகத்தில் இயங்கியது. கோயிலுக்குள் செல்ல யார் யாருக்கெல்லாம் தடை இருந்ததோ, அவர்களும் மையத்திற்குள் தடையின்றி நுழைந்தனர். அதனை நடத்தியவர்கள் பெண்கள். உயர்கல்வி பெறாத பெண்களும் கணினியை இயக்கக் கற்று, ஊராரின் ஐயங்களுக்கு விடை கூறினர். செய்தியைப் பெறும் இடத்தில் மட்டுமே இருந்தவர்கள், அதனைத் தரும் இடத்திற்கு உயர்ந்தனர். சமுதாய மாற்றம் என்பது இதுவே.

ஒலிபெருக்கி காத்த உயிர்கள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலை, சுமத்திரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எச்சரிக்கப் போதிய நேரம் இருந்தது. எச்சரிக்கும் அமைப்பு இல்லை. இந்தியக் கரைகளில் பல்லாயிரம் உயிர்கள் பறிபோயின.

புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது வேறு. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு உடனே வீட்டிற்குத் தொலைபேசியில் தெரிவித்தார். செய்தி அறிவு மையத்தை எட்டியது, ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் கரையை விட்டு வெளியேறினர். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. மக்கள் உயிர் பிழைத்தனர். நாள்தோறும் அலை உயரம் கூறிய குரலாதலால், அன்று அக்குரல் 'ஓடுங்கள்' என்றபோது ஊர் அதனை நம்பியது. கருவிக்கும் மக்களுக்கும் இடையே வளர்ந்திருந்த நம்பிக்கையே உயிர்களைக் காத்தது.

தெரியுமா?

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007ஆம் ஆண்டு ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அலை உயரம், காற்றின் வேகம், மீன்வளம் மிகுந்த பகுதிகள் குறித்த தகவல்களையும் இந்நிறுவனம் மீனவர்களுக்கு வழங்குகிறது.

சந்தையில் அலைபேசி

கடலில் உயிரைக் காப்பதுபோலவே, தகவல் கரையில் உழைப்பின் பயனையும் காக்கிறது. பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் வடகேரள மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. 1997ஆம் ஆண்டு சனவரியில் ஒருநாள், வடகரையில் 11 மீனவர்கள் வாங்குவார் இன்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் இருந்தனர். அதே வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவிற்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் காத்திருந்தனர். ஒருவர் நிலை மற்றவர்க்குத் தெரியவில்லை.

அதன்பின் அப்பகுதியில் அலைபேசிச் சேவை பரவியது. மீனவர்கள் கடலிலிருந்தபடியே விலை கேட்டு, எக்கரையில் இறங்குவது என முடிவு செய்தனர். மீன் வீணாவது ஏறத்தாழ இல்லாதொழிந்தது. மீனவரின் வருவாய் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர்க்கான விலையோ 4 விழுக்காடு குறைந்தது. ஒரு மீன்கூட கூடுதலாகப் பிடிக்கப்படாத நிலையிலும் இருதரப்பும் பயனடைய முடிந்தது, தகவலின் ஆற்றலைக் காட்டுகிறது.

கல்வியும் இடைவெளியும்

கல்வித் துறையிலும் இத்தொழில்நுட்பம் புதிய வழிகளைத் திறந்துள்ளது. உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையவழித் தமிழ் கற்பிக்க 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நூல்களையும் சுவடிகளையும் மின்னுருவாக்கி அளித்துவருகிறது. 2019ஆம் ஆண்டு தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் அதன்வழி வீடுகளுக்குச் சென்றன.

அக்காலம் மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 42 விழுக்காட்டிற்கு இணைய வசதி இருந்தது. ஊரகக் குடும்பங்களில் அது சுமார் 15 விழுக்காடே. ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவருக்குத் தனி அறையும் கணினியும் கிடைக்க, மற்றவர் வேலைக்குச் சென்ற தந்தையின் அலைபேசிக்காக இரவுவரை காத்திருக்க நேர்ந்தது. பாடம் ஒன்றாக இருந்தும், கற்கும் வாய்ப்பு ஒன்றாக இல்லை. கருவியைப் பகிர்ந்தளிக்காத இடத்தில், தொழில்நுட்பம் பழைய ஏற்றத்தாழ்வை மேலும் அகலப்படுத்தும்.

ஆற்றலைச் சேமித்தலும் செலவிடுதலும்

புதுவையின் அறிவு மையங்களைச் சூரிய ஒளி இயக்கியது. இன்று தகவல் தொழில்நுட்பம், காற்றும் சூரியனும் தரும் மின்சாரத்தை மேலாண்மை செய்யவும் உதவுகிறது. காற்றாலைகள் நிறைந்த தமிழ்நாட்டில், காற்று எப்போது வீசும் என முன்னரே கணித்தால்தான் பிற மின்நிலையங்களின் உற்பத்தியை அதற்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடியும். சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இத்தகைய முன்கணிப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது.

அதேவேளையில் இத்தொழில்நுட்பமும் மின்சாரத்தை நுகர்கிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு காணொலியும் எங்கோ ஒரு தரவு மையத்தில் சேமிக்கப்பட்டுள்ளது. அங்குள்ள கணினிகளை இயக்கவும் குளிர்விக்கவும் இடையறாத மின்சாரம் தேவை. பன்னாட்டு ஆற்றல் முகமையின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் உலக மின்நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு தரவு மையங்களுக்குச் சென்றது. கண்ணுக்குத் தெரியாத செலவாயினும், அது செலவே.

நிறைவாக

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் காலம் கடந்துவிட்டது. அன்று ஓர் ஊருக்கு ஒரு கணினி இருந்தது; இன்று அதனினும் ஆற்றல்மிக்க கருவி பலரின் உள்ளங்கையில் உள்ளது. ஆனால், அன்று எழுந்த வினாக்கள் இன்றும் பொருந்துவன: இச்செய்தி யாருக்குப் பயன்படும்? அவர் மொழியில் உள்ளதா? அவருக்கு உரிய நேரத்தில் கிடைக்குமா? கேட்க இயலாமல் விடுபட்டவர் யார்? புதிய கருவி ஒவ்வொன்றையும் இவ்வினாக்களால் அளந்து பார்ப்போம். கரையில் நிற்கும் கடைசி மனிதரைச் சேரும்போதே தகவல் அறிவாகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உழவர், மீனவர், நெசவாளர், வணிகர் ஆகியோருள் ஒருவரிடம், தொழிலுக்குத் தேவையான செய்திகளை எவ்வாறு பெறுகிறார் எனக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
2. உங்கள் ஊரில் அறிவு மையம் ஒன்று அமைந்தால் அதன் தகவல் பலகையில் இடம்பெற வேண்டிய ஐந்து செய்திகளைப் பட்டியலிட்டு, காரணம் எழுதுக.

குறுவினா

1. அறிவு மையம் அமைப்பதில் ஊராருக்கு உரிய பொறுப்புகள் யாவை?
2. மத்தி மீன் சந்தையில் அலைபேசி ஏற்படுத்திய மாற்றத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

நல்லவாடு மக்கள் ஒலிபெருக்கி அறிவிப்பை உடனே நம்பியதற்கான காரணத்தை விளக்குக.

நெடுவினா

'தொழில்நுட்பம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் கூடும். கூட்டவும் கூடும்' – பாடக் கருத்துகளைக்கொண்டு கட்டுரை வரைக.