மாமன் சொல்வதைக் கேட்பதா, மகன் சொல்வதைக் கேட்பதா?

கேள்வி: டாக்டரம்மா, எங்க வீடு காந்திபுரத்துலதானுங்க. மகனுக்கு 23 வயசு. சேக்காளிகளோட சேர்ந்து வலி மாத்திரையைத் தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்திப் பழகிட்டான். போன வருசம் ஒரு போதை மீட்பு மையத்துல மூணு மாசம் அடைச்சு வெச்சிருந்தோம். வந்த வேகத்துல மறுபடியும் ஆரம்பிச்சுட்டான். இப்ப அவனாவே ஒரு மனநல டாக்டரைப் பார்த்து, நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரை எடுத்துக்கறான். "அதுவும் போதைதான், மையத்து வேனை வரச்சொல்லித் தூக்கிட்டுப் போயிரலாம்"ங்கறார் எங்கண்ணன். சாப்பாட்டுல கலந்து குடுக்கற மருந்து இருக்குதுன்னும் சொல்றாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?
— ஒரு தாய்

பதில்: அம்மா, வேனைக் கூப்பிடாதீர்கள். உங்கள் மகன் தன் காலால் நடந்து டாக்டரிடம் போயிருக்கிறார். சிகிச்சையில் இதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது.

கோவையில் போலீசார் அடிக்கடி பறிமுதல் செய்கிற டாபென்டடால் போன்ற மாத்திரைகள் அபின் செய்கிற வேலையைத்தான் மூளையில் செய்கின்றன. பழகிய உடம்பு அது கிடைக்காதபோது கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு என்று படாத பாடு படும். இது சில நாட்களில் அடங்கிவிடும். ஏக்கம் அடங்க மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். அடைத்து வைத்தால் நடப்பது இன்னொன்று: உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறவருக்கு மூச்சு நின்றுபோகலாம். பிள்ளைகள் பலர் இறப்பது இந்த இடத்தில்தான்.

அவர் எடுப்பது பெரும்பாலும் பியூப்ரினார்ஃபினும் நலோக்சோனும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். பியூப்ரினார்ஃபின் மூளையில் அதே இடத்தில் போய் உட்காரும். ஆனால் ஓரளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. அதனால் உடம்பு தவிக்காது, கிறக்கமும் இராது, வேலைக்குப் போகலாம். நலோக்சோன் நாக்கடியில் வைத்தால் சும்மா இருக்கும். கரைத்து ஊசியில் ஏற்றினால் தவிப்பைக் கிளப்பிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே பியூப்ரினார்ஃபினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உங்கள் அண்ணனின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் போதை என்பது வாழ்க்கையைப் பறிப்பது. இந்த மருந்து அதைத் திருப்பித் தருவதற்காக இருக்கிறது.

எத்தனை நாள், எவ்வளவு அளவு என்பதை டாக்டர் மட்டும் முடிவு செய்வதும் சரியல்ல. ஷிஃப்ட் வேலையா, மருந்து வாங்க வரும் நேரம் ஒத்துவருகிறதா, முதலில் ஊசியை விட வேண்டுமா, எல்லாவற்றையும் ஒரேயடியாக விட வேண்டுமா, இதையெல்லாம் மகன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் ஒருநாள் வழுக்கி விழுந்தால் திட்டி மருந்தை நிறுத்தக் கூடாது. அன்றைக்குத்தான் அவருக்கு டாக்டர் அதிகம் தேவை.

சாப்பாட்டில் எதையும் கலக்காதீர்கள். நால்ட்ரெக்சோன் போன்ற மருந்தை, உடம்பில் போதை மாத்திரை இருக்கும்போது தெரியாமல் கொடுத்தால், கடுமையான தவிப்பு ஒரே வீச்சில் வரும். மகனுக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

சட்டமும் உங்கள் மகன் பக்கம்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது; சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது.

ஊசி போட்டவர் என்பதால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் அவசியம். மாத்திரை எடுக்கும் காலத்தில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. எப்போதாவது எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அண்ணனையும் கூட்டிப்போய், அவர் சந்தேகத்தை நேரிலேயே கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன், மாமன் வரலாமா என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.