வாடகை குறைவென்றால் உரிமையும் குறைவா?

கேள்வி:

நமுனுகுலவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நான், கணவர், மாமி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் நுவரெலியா போனோம். கிரகரி வாவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஹோட்டலில் 2 அறைகளை 2 இரவுக்குப் பேசியிருந்தோம். ஓர் அறைக்கு இரவுக்கு 7,500 ரூபாய். எல்லாம் வட்ஸ்அப்பில்தான் பேசினோம். 10,000 ரூபாய் முற்பணத்தை அவர்கள் தந்த வங்கிக் கணக்கில் போட்டோம். சுடுதண்ணீர் உண்டு என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார்கள்.

ஏப்ரல் 15ஆம் திகதி பின்னேரம் போய்ச் சேர்ந்தால் ஓர் அறைதான் இருக்கிறது என்றார்கள். அதற்கும் ‘சீசன் ரேட்’ 12,000 ரூபாயாம். இருட்டிவிட்டது, பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள், வேறு வழியில்லாமல் தங்கினோம். சுடுதண்ணீர் வரவில்லை. குளிருக்கு என்று கரி அடுப்பொன்றைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தார்கள். மாமிக்குத் தலை சுற்றவே அதை வெளியே தூக்கி வைத்துவிட்டோம். காலையில் அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்வந்தபோது பையிலிருந்த கைத்தொலைபேசியைக் காணவில்லை. ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற அறிவித்தலைக் காட்டினார் முகாமையாளர். புறப்பட நின்றபோது, வந்தவுடன் வாங்கி வைத்திருந்த கணவரின் அடையாள அட்டையைத் தராமல், இரண்டாம் இரவுக்கும் 12,000 கட்டச் சொன்னார். முற்பணத்தோடு சேர்த்து 24,000 ரூபாய் கொடுத்துத்தான் அட்டையை மீட்டோம். ரசீதும் தரவில்லை. “தோட்டத்து ஆக்களுக்கு இந்த விலைக்கு இதுதான் கிடைக்கும்” என்றும் சொன்னார். நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

– வாசகி, நமுனுகுல

பதில்:

முடியும். செலவில்லாமல் தொடங்கவும் முடியும். ஆனால் சில வழிகளுக்குக் கால எல்லை மிகக் குறுகியது. ஆகவே இதைப் படித்ததும் வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, வங்கிச் சீட்டு மூன்றையும் பிரதியெடுத்து ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

மலிவான அறையை எடுத்தவர் மெத்தையின் தடிப்பிலும் சன்னல் காட்சியிலும் சாப்பாட்டு வகையிலும் விட்டுக்கொடுத்திருக்கிறார். பேசியதைப் பெறும் உரிமையையும் உயிர்ப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் இந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டலுக்கு ஒரு நீதி, சிறு விடுதிக்கு ஒரு நீதி என்று பிரிக்கவில்லை.

வட்ஸ்அப்பில் பேசியது ஒப்பந்தமா?

ஆம். நாள், அறைகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் பேசி, முற்பணமும் கைமாறிவிட்டது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. அவற்றைச் சான்றாக முன்வைக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது.

ஏப்ரலில் நுவரெலியாவில் வாடகையைக் கூட்டுவது குற்றமல்ல. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக ஊர் நிரம்பும் காலம் அது, விலை ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு விலை பேசி முற்பணத்தையும் வாங்கிய பிறகு, ஆள் வாசலில் வந்து நிற்கும்போது விலையை மாற்றுவது ஒப்பந்த மீறல். அந்த இரவில் நீங்கள் 12,000 ரூபாய்க்கு இணங்கியதாக அவர்கள் வாதிடக்கூடும். இருட்டில், குளிரில், பிள்ளைகளோடு நின்ற நிலையைச் சொல்லி அந்த இணக்கத்தை நீங்கள் மறுக்கலாம். இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால், பணம் கட்டும்போதே “ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்” என்று ஒரு வட்ஸ்அப் செய்தியை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு திருப்பிக் கேட்பதற்கு அது பெரிய துணை.

கணக்கு இதுதான்: நீங்கள் உண்மையில் அனுபவித்தது ஓர் அறை, ஓர் இரவு. பேசிய விலைப்படி 7,500 ரூபாய். கட்டியது 24,000. ஆகவே 16,500 ரூபாயைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுடுதண்ணீர் இல்லாததற்கு அந்த 7,500இலும் ஒரு குறைப்பைக் கோரலாம். விடுமுறை கெட்டுப்போன மனவருத்தத்துக்கு நட்டஈடு கிடைப்பது கடினம். எங்கள் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டம், ஒப்பந்த மீறலில் பணமாக அளக்கக்கூடிய இழப்பைத்தான் பொதுவாகப் பார்க்கும். மனுவில் இலட்சக்கணக்கில் எழுதினால் உங்கள் நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும்.

சுடுதண்ணீரும் கரி அடுப்பும்

நமுனுகுல மலையடியில் வாழும் உங்களுக்குக் குளிர் புதிதல்ல. ஆனாலும் நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுடுதண்ணீர் உண்டு என்று சொல்லி அறை கொடுப்பவர் ஆடம்பர வசதியைப் பற்றிப் பேசவில்லை. வயதானவரும் குழந்தையும் இரவைக் கழிக்கத் தேவையான ஒன்றைத்தான் வாக்களிக்கிறார்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான விபரம் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. 32ஆம் பிரிவின்படி, சேவை வழங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதை வழங்குவேன் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், அடங்கியிருக்கிறது. கேட்டால் ரசீது கொடுப்பதும் அதே சட்டம் விதிக்கும் கடமை.

கரி அடுப்பு விடயம் 16,500 ரூபாயைவிடப் பெரியது. மூடிய அறைக்குள் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி, தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மாமியின் தலைச்சுற்றல் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். நீங்கள் அடுப்பை வெளியே வைத்தது சரி. இனி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மேலதிகமாக ஒரு கம்பளி கேளுங்கள். காற்றோட்டமில்லாத அறைக்குள் இதை வைத்த ஹோட்டல் கவனயீனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டப்படி, கவனயீனத்தால் வரும் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த அறிவித்தலாலும் கழற்றிவிட முடியாது. இந்த அடுப்பைப் பற்றி நுவரெலியா மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு அதனால் பணம் வராது, அடுத்து அந்த அறையில் படுப்பவருக்குப் பயன்படும்.

பூட்டிய அறைக்குள் களவு

இதில் சட்டம் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் நிற்கிறது. பயணிகளை ஏற்றுத் தங்கவைக்கும் விடுதிக்காரர், அவர்கள் கொண்டுவரும் பொருள் காணாமற்போனால் பொறுப்பாளி என்பது பழைய உரோமச் சட்டத்திலேயே உள்ள விதி. வழிப்போக்கர் வேறு வழியின்றி விடுதிக்காரரை நம்ப வேண்டியிருக்கிறது, அவரோ கள்வரோடு கூட்டுச் சேரவும் கூடும் என்ற அனுபவத்தில் பிறந்தது அது. உரோம-டச்சுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அதே சட்ட மரபுள்ள தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1921இல் டேவிஸ் எதிர் லொக்ஸ்டோன் வழக்கில் இந்த விதியை உறுதிப்படுத்தியது. அத்தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம்.

விதியின் பயன் என்னவென்றால், ஹோட்டல்காரரின் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பொருளை அங்கே கொண்டுபோனீர்கள், அங்கே காணாமற்போனது என்று காட்டினால் போதும். தவிர்க்கவே முடியாத ஆபத்தால், அல்லது விருந்தினரின் சொந்தத் தவறால் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். நீங்கள் கதவைத் திறந்து போட்டுப் போயிருந்தால் கதை வேறு. பூட்டிவிட்டுப் போனீர்கள் என்பதால், வேறு சாவி யாரிடம் இருந்தது என்பதே முதற் கேள்வி.

அறிவித்தல் பலகை? அறை எடுப்பதற்கு முன் அதை உங்களுக்குக் காட்டினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். களவு போன பிறகு சுட்டிக்காட்டும் பலகை ஒப்பந்தத்தின் பகுதியாகாது. முன்பே காட்டியிருந்தாலும், கவனயீனத்தால் வரும் பொருள் இழப்புக்கு அது நியாயமானதா என்று நான் மேலே சொன்ன 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி கேள்வி எழுப்பலாம்.

அடையாள அட்டையைப் பிடித்து வைப்பது

விருந்தினரின் பெயர், விலாசம், அட்டை இலக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது வழமை, அதில் தவறில்லை. பிரதி எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டை ஆட்பதிவுத் திணைக்களம் உங்கள் கணவருக்கு வழங்கிய ஆவணம். அதை அடகுப் பொருளாக்கி, தங்காத இரவுக்கு வாடகை வாங்க ஹோட்டலுக்கு அதிகாரமில்லை. அடுத்த முறை அட்டையைக் காட்டுங்கள், கையில் விட்டுவிடாதீர்கள். தர மறுத்தால் அங்கிருந்தே பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். பெரும்பாலும் அழைப்பைத் தொடங்கியதுமே அட்டை மேசைக்கு வந்துவிடும்.

“தோட்டத்து ஆக்கள்”

அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை ஹோட்டல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களுக்காகக் கடை, பொது உணவகம், ஹோட்டல் முதலியவற்றுக்குள் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது. சாதி காரணமாக இத்தகைய இடங்களில் தடை விதிப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது.

ஆனால் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி, அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது மட்டுமே. அதற்கும் ஒரு மாதம்தான் அவகாசம். அரசு நிறுவனமோ உள்ளூராட்சி சபையோ நடத்தும் விடுதி என்றால் அந்தக் கதவு திறந்திருக்கும். தனியார் ஹோட்டலுக்கு அது பொருந்தாது. மேலும் உங்களுக்கு அறை மறுக்கப்படவில்லை, இகழ்ச்சியாகப் பேசினார்கள். ஆகவே இதைத் தனி வழக்காக்காமல், முறைப்பாட்டில் அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். குறைந்த சேவையை வேண்டுமென்றே கொடுத்தார்கள் என்பதற்கு அது சான்று.

எங்கே போவது, எந்த வரிசையில்?

முதலில், களவு பற்றி நுவரெலியா பொலிஸில் முறைப்பாடு. தொலைபேசியின் ஐஎம்இஐ இலக்கத்தைக் கொண்டுபோங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டும்வரை கையெழுத்திடாதீர்கள். முற்பண விடயத்தை ‘சிவில் பிரச்சினை’ என்று பொலிஸ் சொல்லலாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் மோசடியாகும். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இரண்டாவது, ஹோட்டல் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். 16,500 ரூபாயும் தொலைபேசியின் பெறுமதியும் 14 நாட்களுக்குள் வேண்டும் என்று, கணக்கோடு, கோபமில்லாமல் எழுதுங்கள். சட்டத்தரணி தேவையில்லை.

மூன்றாவது, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. தொலைபேசி 1977. முறைப்பாடு எழுத்தில், சேவை வழங்கப்பட்டு 3 மாதங்களுக்குள் இருக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. ஏப்ரல் 15, 16 என்றால் ஜூலை நடுப்பகுதிக்குள் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும். ஹோட்டல்காரரின் பதிலுக்காகக் காத்திருந்து இந்த நாளைத் தவறவிடாதீர்கள். அதே கடிதத்தின் பிரதியை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்புங்கள். தொலைபேசி 1912. விருந்தினர் விடுதிகள் அங்கே பதிவு செய்யப்பட வேண்டியவை. இந்த விடுதிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் இறங்கி வருவார். இல்லாவிட்டால் அவருக்கு வேறு பிரச்சினை காத்திருக்கிறது.

நான்காவது, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, இந்த அளவு தொகைக்கான பிணக்கை நேரே நீதிமன்றம் கொண்டுபோக முடியாது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் முதலில் வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, இரு பக்கமும் நேரில் பேச வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதே. நீங்கள் நமுனுகுலவில் இருந்தாலும், விடயம் நடந்த நுவரெலியா சபைக்கே விண்ணப்பிப்பது பாதுகாப்பு.

இவை எல்லாம் தோற்றால்தான் வழக்கு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகளும் அவகாசம் உண்டு. பதுளையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில், குறைந்த வருமானமுள்ளவர்கள் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பஸ் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களையும் கணக்குப் பார்த்தால், இந்தத் தொகைக்கு வழக்கு உங்களுக்கு இலாபமில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும் கடிதமும் மத்தியஸ்த சபையும்தான் உங்கள் பலம். இந்த வாரமே கடிதத்தை எழுதுங்கள், நாளும் தொகையும் தெளிவாக இருக்கட்டும், ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.