ஸ்டியரிங் நேராக நின்றால் போதுமா?

வாய்க்கால் கரைச் சாலையில் அடி தட்டுகிறது, அறுவடை நேரத்தில் பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் வண்டி உட்கார்ந்துவிடுகிறது. அதனால் தஞ்சாவூர்ப் பக்கம் காருக்குக் கெட்டி ஸ்பிரிங்கும் ஸ்பேசரும் வெளியில் வாங்கிப் போட்டு உயர்த்திக்கொள்கிறார்கள். அந்தத் தேவை நியாயமானது. "ஸ்டியரிங் நேராத்தானே நிக்குது, அலைன்மென்ட் எதுக்கு?" என்று அப்படியே ஓட்டுவதுதான் தவறு.

முன்பக்கம் உயர்ந்ததும் லோயர் ஆர்மும் டை ராடும் கீழ்நோக்கிச் சாய்கின்றன. இரண்டும் ஒன்றுபோல் நகர்வதில்லை. சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். டோ மாறிவிட்டது என்று சொல்வது இதைத்தான். இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பியிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டும். வண்டி நேராகவே ஓடும், டயர்தான் கரையும். கால் டிகிரி திரும்பினாலே கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல் ரப்பர் பக்கவாட்டில் உரசும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ.; போய்ச் சேர்வதற்குள் 170 மீட்டர். டயரைக் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது.

"பேலன்சிங் பண்ணியாச்சே" என்பார்கள். அது சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது, வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு. கோணத்தை அது தொடுவதே இல்லை.

"பின்னால மட்டும்தான் போட்டேன்" என்பதும் சமாதானமாகாது. பின்பக்கம் உயர்ந்தால் வண்டி முன்னால் குனியும், ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் குறையும், திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேராகும் வேகம் மந்தமாகும்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கம்ப்யூட்டர் அளக்கத்தான் செய்யும். நம் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் திருப்பி அமைக்க முடிவது முன்சக்கர டோ மட்டுமே. சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமான கேம்பர் எல்லை தாண்டியிருந்தால் அதற்கென்று தனி போல்ட் போடவேண்டும். பால் ஜாயின்ட் ஆடினால் எந்த அளவும் நிற்காது. இன்னொன்று: ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான். தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் திருகியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வண்டி லேசாக இடப்பக்கம் போவதெல்லாம் கோளாறு அல்ல. மழைத்தண்ணீர் வடியச் சாலையே ஓரத்துக்குச் சரிந்திருக்கும். முதலில் டயர் காற்றைப் பாருங்கள்.

புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் அமரும். அப்போது மறுபடி ஒருமுறை அலைன்மென்ட் காட்டி, சரிசெய்வதற்கு முன்பிருந்த அளவும் பிறகு வந்த அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள்.