எம்.ஏ. ஆங்கிலத்துக்குப் பின்: நெட், செட், பி.எட். – எதை முதலில் எழுதுவது?

எம்.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு தொடங்கியதும் துறை அறிவிப்புப் பலகையில் இடமே இருக்காது. நெட் விண்ணப்பத்தின் கடைசித் தேதி, பி.எட். சேர்க்கை, கருத்தரங்கச் சுற்றறிக்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். ‘பட்டம் கைக்கு வரட்டும், பார்க்கலாம்’ என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போடக் கூடாத ஒன்று, கல்லூரி விரிவுரையாளர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்.

இறுதியாண்டு மாணவர்களும் அதை எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வில் 150 வினாக்கள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. விரிவுரையாளர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.புக்கு 30 வயதுதான் எல்லை. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. தொகையோ 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு வீட்டில் கையேந்தாமல் படிக்க, எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி வேறில்லை.

பாடத் தாள் நுணுக்கமானது. ‘அன்டச்சபிள்’, ‘காந்தபுரா’, ‘தி கைடு’, ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ போல நான்கு நூல்களைக் கொடுத்து, வெளிவந்த வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். 1935, 1938, 1958, 1981 என்று ஆண்டுகள் மனத்தில் நிற்க வேண்டும். நாவலின் கதைச் சுருக்கம் மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார். இலக்கியக் கோட்பாடு, மொழியியல், ஆய்வு முறைகளிலிருந்தும் வினாக்கள் வரும்.

மாநில அளவிலான தகுதித் தேர்வான செட்டின் பாடத்திட்டமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அந்தத் தகுதி, தேர்வை நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும், ஜே.ஆர்.எஃப். கிடையாது. நெட்டுக்குப் படித்த கையோடு அதையும் எழுதிவிடலாம்.

பள்ளி வேலை விரும்புவோருக்கு பி.எட். தேவை. இரண்டு ஆண்டுகள், அதற்கான கட்டணம், பள்ளிப் பயிற்சி. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் தாண்ட வேண்டும். அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. ஆங்கில வழியிலேயே படித்து வந்தவர்கள் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். வகுப்பறை பிடித்தவர்களுக்கு இது நல்ல பாதைதான், பி.எட்.டை அடுத்த ஆண்டுகூடத் தொடங்கலாம். முதலில் நெட்.

விண்ணப்பிக்குமுன் ஒரு வேலை. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நெட்டுக்குப் போதாது. மத்திய அரசு வடிவிலான ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயரில் இல்லை என்ற குறிப்போடு வேண்டும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைப்பது நல்லது.