கனலறிந்து சமைத்தல்

திருப்பூருக்கு வடக்கே, கோவையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பெருமாநல்லூர். அங்குள்ள கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பங்குனித் திங்களில் நிகழும் குண்டம் இறங்கும் விழா கொங்குநாடெங்கும் பெயர்பெற்றது. முன்னிரவில் விறகை அடுக்கி எரியூட்டுவர். நெடுநேரம் எரிந்து, சுடர் அடங்கி, விறகெல்லாம் செங்கனலாய் மாறிய பின்னரே அதனைப் பரப்பிச் சமன்செய்வர், அடியார்கள் இறங்குவர். கொழுந்துவிட்டு எரியும்பொழுது ஒருவரும் இறங்கார். சுடர் வேறு, கனல் வேறு என்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். வெட்டவெளியில் கல்லடுப்புக் கூட்டிச் சமைப்போர் முதற்கண் அறியவேண்டுவதும் அவ்வேறுபாடே ஆகும்.

நெருப்பின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. பொறி, கொழுந்து, சுடர், கொள்ளி, கங்கு, தணல், நீறு என அவை விரியும். சமைத்தலைப் பழந்தமிழர் ‘அடுதல்’ என்றனர். அடுப்பு, அட்டில், அடிசில் ஆகியன அச்சொல்லின் வழிவந்தவை. நெருப்போடு நெடுங்காலம் பழகிய மக்களிடத்தன்றி இத்தனை சொற்கள் பிறத்தல் அரிது.

விறகு சூடேறும்பொழுது அதனினின்றும் ஆவிகள் வெளிப்பட்டு எரிகின்றன, அதுவே சுடர். ஆவி நீங்கியபின் எஞ்சும் கரி சுடரின்றிச் சிவந்து எரிகின்றது, அதுவே கனல். சுடர் காற்றுக்கு அசையும், ஏனத்தைக் கரியாக்கும், ஒருபுறம் தாக்கி மறுபுறத்தை விட்டுவிடும். கனலின் வெம்மையோ அடங்கியது, நெடுநேரம் நிற்பது. நீரைக் கொதிநிலைக்குக் கொணரச் சுடர் வேண்டும். கொதித்த பின்னர் எத்துணை விறகைத் திணித்தாலும் திறந்த ஏனத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகைக்கு மேல் ஏறாது. நீர் விரைந்து வற்றுமேயன்றி அரிசி விரைந்து வேகாது. அடிப்பிடித்த சோற்றுக்குக் காரணம் பெரும்பாலும் இதனை அறியாமையே.

பேருந்துகள் மிகுவதற்கு முன்னர், பழனிக்கு வண்டிகட்டிச் சென்ற கொங்குநாட்டு மக்கள் வழியில் மரநிழல் கண்ட இடத்தில் மாடுகளை அவிழ்த்துக் கல்லடுப்பில் உலை வைப்பர். இங்கிலாந்தில் பேடன் பவல் என்பார் 1907-ஆம் ஆண்டு பிரவுன்சி தீவில் சிறுவர்களைக் கூட்டிப் பாசறை அமைத்துச் சாரணர் இயக்கத்துக்கு வித்திட்டார். இந்தியாவில் 1950-இல் பல அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. இன்றும் பாசறை செல்லும் சாரணர்க்குத் தம் உணவைத் தாமே சமைத்தல் ஒரு பயிற்சி. வண்டிக்காரர் அப்பயிற்சியைப் பள்ளியின்றியே பெற்றிருந்தனர்.

அடுப்புக்குக் கற்கள் மூன்று போதும். நான்கு கற்களில் ஒன்று உயரம் குறைந்தாலும் ஏனம் ஆடும். மூன்றன்மேல் வைத்தது ஆடாது. ஆற்றுப்படுகையில் ஈரத்தோடு கிடக்கும் கல்லை எடுத்தல் கூடாது. உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும். மேட்டுநிலத்து உலர்ந்த கல்லோ செங்கல்லோ கொள்க. ஆனி, ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் மேல்காற்று இப்பகுதியில் வலிதாய் வீசும். அக்காலத்தில் ஒரு சாண் ஆழத்தில் பள்ளம் தோண்டி அதனுள் அடுப்புக் கூட்டுதல் நலம். சுற்றிலும் காய்ந்த புல்லையும் சருகையும் நீக்கி வெறுந்தரை ஆக்கிய பின்னரே தீ மூட்டவேண்டும்.

விறகுகளுள் வேலமரத்து விறகு நல்ல கனல் தரும். தென்னையோலை பற்றவைக்க உதவும். ஆனால் குப்பென்று எரிந்து நீறாகிவிடும், கனல் தங்காது. ஒடித்தால் ‘சடக்’கென முறிவது உலர்ந்த சுள்ளி, வளைவது பச்சை, புகைதான் மிகும். அரளியை விறகாகவும் கொள்ளாதே, கிளறுகோலாகவும் கொள்ளாதே. அதன் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சு. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் துணித் துணுக்குகள் எளிதிற் கிடைத்தலால், அவற்றைக் கொண்டு தீமூட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த துணி உருகி எரிந்து தீய புகையைக் கக்கும். உணவு சமைக்கும் தீக்கு அது ஆகாது.

நீரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். முன்னாளில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி உலைநீர் எடுத்தனர். நொய்யலில் இன்று அவ்வாறு செய்தல் இயலாது. சாயக்கழிவால் அவ்வாறு கெட்டமை கண்டு, சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஆணையிட்டது. கொதிக்கவைத்தால் எந்நீரும் தூயதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். கொதித்தல் கிருமிகளைக் கொல்லும். கரைந்த உப்பையும் சாயத்தையும் நீக்காது. நீர் வற்ற வற்ற அவை மிகவே செய்யும். ஆதலின் குடிநீரை உடன் கொண்டுசெல்க.

வெளியிடச் சமையலுக்குக் கொங்குநாட்டு அரிசிம்பருப்புச் சோற்றினும் ஏற்றது காண்டல் அரிது. ஓர் ஏனம் போதும், தனிக்குழம்பு வேண்டா. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. பருப்பு வேக அரிசியினும் நேரம் மிகுதியாகும். ஆகையால் அதனை ஒருமணி நேரம் முன்னரே ஊறவைக்க வேண்டும். ஏனத்தின் வெளிப்புறத்தில் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி பின்னர் எளிதிற் கழுவப்படும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி மஞ்சள்தூள் சேர்த்து, அரிசியும் பருப்பும் கூடிய அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீர் ஊற்றுக. நீர் கொதித்ததும் பருப்பையும், அது பாதி வெந்ததும் அரிசியையும் உப்பையும் இடுக.

இதுவரை சுடரின் வேலை. நீர் சுண்டிச் சோற்றின் மட்டத்துக்கு வந்தவுடன் எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுக் கனலை மட்டும் அடியிற் பரப்ப வேண்டும். தட்டால் மூடி, அத்தட்டின் மேலும் நாலைந்து கங்குகளை இடுவர். கால்மணி நேரம் திறவாதிருந்தால் சோறு மேலும் கீழும் ஒருங்கே வெந்து, பதமாக இருக்கும். பசித்திருக்கும் சிறுவர்க்கு அக்கால்மணி நேரம் நீளமானதே! அதற்குள் கனலோரத்துச் சூடான சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைக்கலாம். உண்டு முடிக்குமுன் அது சுட்டுவிடும்.

கனலுக்கு ஒரு தீமையும் உண்டு. புகை தோன்றாமையால் அது தீங்கற்றதெனச் சிலர் மயங்குவர். கனலினின்றும் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வளிக்கு நிறமும் மணமும் இல்லை. குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை மூடிய அறைக்குள்ளோ கூடாரத்துள்ளோ வைத்து உறங்கி, விழித்தெழாதவர் உண்டு. கொடைக்கானல் மலையிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. கனல் வெளியிலேயே இருக்கவேண்டும்.

காப்புக்காட்டில் தீ மூட்டுதலைத் தமிழ்நாட்டு வனச்சட்டம் 1882 முதலே தடுத்துள்ளது. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர் பலர் உயிரிழந்தனர். உலர்ந்த புல்வெளியில் தீ எத்துணை விரைவாய் ஓடும் என்பதை நாடு அன்று கண்டது.

சமையல் முடிந்ததும் கனலின்மேல் மண்ணைத் தள்ளிவிட்டுச் செல்வோர் பலர். மண் கனலை மறைக்கும், அணைக்காது. மண்ணடியில் இரவெல்லாம் உறங்கிய கங்கு மறுநாட் காற்றில் விழித்தெழும். நீரைத் தெளித்துக் குச்சியால் கிளறி, மீண்டும் தெளிக்க வேண்டும். சீறல் ஓய்ந்தபின் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுசென்று பார்க்கவேண்டும். வெம்மை சிறிதும் இல்லையாயின் சாம்பலைத் தொட்டுப் பார்க்கலாம். அது குளிர்ந்திருந்தால் கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் புறப்படலாம்.