தில்லை மரமும் இலண்டன் மரங்களும்

கோயிலுக்குக் கோயில் ஒரு தல விருட்சம் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல். சிதம்பரத்துக்கு உரியது தில்லை. அது எப்படிப்பட்ட மரம் என்று இங்கு வளரும் எமது பிள்ளைகளிடம் கேட்டால் பெயரைத் தவிர வேறொன்றும் வராது. பெரியவர்களிலும் அதைக் கண்டவர்கள் சிலரே.

தில்லை கண்ணைக் கவரும் பூமரம் அன்று. உண்ணத்தக்க கனியும் அதில் இல்லை. உவர்நீரும் சேறும் உள்ள கழிமுகங்களில் வளர்வது. சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அத்தகைய மரத்தின் பெயரைத்தான் எமது முன்னோர் தலத்துக்கு வைத்தார்கள். இறைவனையும் தில்லைக்கூத்தன் என்றார்கள். பழம் தருமா, நிழல் தருமா என்று மட்டும் கேட்டு அவர்கள் மரத்தை மதிக்கவில்லை.

இதற்கு ஒப்பான ஒன்று இலண்டனிலேயே இருக்கிறது. வடக்கே டொட்டரிட்ஜில், புனித அந்திரேயா தேவாலய முற்றத்தில் ஒரு யூ மரம் நிற்கிறது. அதன் வயதை ஆயிரம் ஆண்டு முதல் இரண்டாயிரம் ஆண்டு வரை மதிப்பிடுகிறார்கள். யூவும் நச்சு மரமே. இலை, பட்டை, விதை எல்லாம் நஞ்சு; விதையைச் சூழ்ந்த சிவந்த சதை மட்டும் விலக்கு. (அதற்காக எவரும் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.) அந்த நஞ்சிலிருந்தே மருந்தும் வந்தது. புற்றுநோய்க்குத் தரப்படும் டோசிடாக்செல் என்ற மருந்து இந்த யூவின் இலையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

முதிய யூ மரங்கள் பெரும்பாலும் உள்ளே கோறையாகிவிடும். நெடுந்தீவில் உள்ள பெருக்கு மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்பதை ஊரவர்கள் கண்டிருப்பீர்கள். அது நோய் அன்று. மரத்தின் உயிர் பட்டைக்கு அடுத்த மெல்லிய படையில் இருக்கிறது. நடுவில் உள்ள வைரம் இறந்த பகுதி. அது உக்கிப் போனாலும் மரம் வாழும்.

மரத்தின் உயிருக்கு உண்மையில் ஆபத்தானது எது என்பதைக் கியூ பூங்காவில் ஒரு புயல் காட்டிக் கொடுத்தது. அங்கே 1798இல் நட்ட ரேணர் ஓக் என்ற மரம் பல காலமாக வாடிக்கொண்டிருந்தது. 1987 ஒக்டோபர் 16 அதிகாலை வீசிய பெரும் புயல் கியூவில் மட்டும் சுமார் 700 மரங்களைச் சாய்த்தது. இந்த மரத்தை வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப இருத்திவிட்டது. முட்டுக் கொடுத்து விட்டுவைத்தார்கள். சில ஆண்டுகளில் அது முன் எப்போதும் இல்லாத செழிப்போடு துளிர்த்தது! பார்வையாளரின் கால்கள் மிதித்து மிதித்து வேரடி மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காமல் இருந்ததே நோய்க்குக் காரணம் என்று அப்போது விளங்கிற்று. புயல் அந்த மண்ணை இளக்கிவிட்டிருந்தது. பின்னர் கியூவில் மற்ற முதிய மரங்களின் அடியிலும் காற்றைச் செலுத்தி மண்ணை இளக்கினார்கள்.

ஆகவே முதிய மரத்தைக் காணச் செல்லும்போது அடிமரத்தைச் சுற்றி வலம் வருவதையும், வேரில் ஏறி நின்று படம் எடுப்பதையும் தவிர்ப்போம். பத்தடி தள்ளி நின்றால் மரத்தின் முழு உருவமும் தெரியும்.

தொலைவுக்குச் செல்ல நேரமில்லாத குடும்பங்கள் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம். இலண்டன் பிளேன் மரத்தின் பட்டை செதில் செதிலாக உரிந்து, மஞ்சளும் பச்சையும் தவிட்டு நிறமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பார்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்டவை இன்றும் உண்டு. பிள்ளைகள் ஒரு தாளை அடிமரத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பட்டையின் கோலத்தை எடுக்கட்டும். டொட்டரிட்ஜுக்குச் செல்வோர் நோர்தன் ரயில் பாதையில் டொட்டரிட்ஜ் அன்ட் வெட்ஸ்ரன் நிலையத்தில் இறங்க வேண்டும். யூ பசுமை மாறாத மரமாதலால் மாரியிலும் பார்க்கலாம்.