சமயச் சார்பற்ற ஆட்சியும் சமயத்தின் நலமும்

சமயச் சார்பற்ற ஆட்சி என்றவுடன் அது சமயத்துக்குப் பகையான ஆட்சி என நம்மவருள் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருந்தாது. வழிபாடு குடிமக்களின் உரிமை. அதில் ஒரு பக்கம் சாராதிருத்தல் அரசின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததே சமயச் சார்பற்ற ஆட்சியாம்.

இதன் அடிப்படையை எமது மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்திற் காணலாம். மாணிக்க கங்கையில் நீராடிச் சைவர் முருகனென வணங்கும் கடவுளையே பௌத்தர் கதிர்காமத் தெய்யோ என வணங்குகின்றனர். அருகே கிரிவெஹெரவும் பள்ளிவாசலும் உள. தலத்தின் நிருவாகம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டாயினும், அங்குக் கூடும் பக்தி எந்தச் சட்டத்தாலும் விளைந்ததன்று.

அரசு ஒரு சமயத்தைத் தாங்கும்போது மற்றையோர் படும் துன்பத்தை நம் முன்னோர் நன்கறிவர். போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தனர். பின்வந்த ஒல்லாந்தர், தாமும் கிறித்தவரேயாயினும், கத்தோலிக்கரை ஒடுக்கினர். அக்காலத்தில் யோசேவாஸ் அடிகளார் பணிசெய்ய இடம் பெற்றது பௌத்த மன்னன் ஆண்ட கண்டியிலேயாம். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களை மட்டக்களப்பிற் குடியேற்றியவனும் கண்டி மன்னன் செனரத்தே. ஆகவே இப்பெருந்தன்மை இந்நாட்டுக்குப் புதியதன்று. ஆனால் மன்னனின் அருள் அவனோடு மாறக்கூடும். சட்டத்தின் காப்பே நிலைபெற வேண்டுவது.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமூகத்துக்கோ சமயத்துக்கோ தனிச்சலுகையளிக்கவும் தனித்தடை விதிக்கவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த தேர்தற் சட்டத்தாலும் ஊவாவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த எம்மவருட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். அச்சட்டங்கள் அப்பிரிவை மீறவில்லை என 1953இல் கோமறைக் கழகம் தீர்த்தது. 1972இல் அப்பிரிவும் நீங்கிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதனையே தொடர, 10ஆம் உறுப்புரை எல்லோர்க்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. ஓரிடத்தில் முதன்மையும் ஓரிடத்தில் சமத்துவமும் கூறின், எளியவன் எதனை நம்புவான்?

பெரும்பான்மையோர் சமயத்துக்கு அரசின் துணை வேண்டுமே எனின், அத்துணை அச்சமயத்துக்கே கேடாம் என்போம். அரசைச் சார்ந்து நிற்கும் சமயம், காலப்போக்கில் ஆள்வோர் தேர்தற் களத்தில் ஏந்தும் கருவியாகி விடும்.

இனி, எம்மை நோக்கியும் ஒரு வினா உண்டு. இந்தியாவில் இந்துக்கள் பெரும்பான்மையோர். அங்கு முஸ்லிமும் கிறித்தவரும் வேண்டும் காப்பு, இங்கு நாம் வேண்டும் காப்பேயாம். சிறுபான்மையராய் உள்ளவிடத்துச் சமநீதி கேட்டு, பெரும்பான்மையராய் உள்ளவிடத்து அதனை மறுத்தல் அறமாகாது. இந்துக் கல்லூரியிற் பயின்ற நாம் இவ்வறத்தை முதலில் நம் மனத்தில் நிறுவுவோமாக. பின்னரே பிறரிடம் அதனைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.